அழுக்கா, தேய்மானமா?

கிட்டார் தொழிற்சாலையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். கண்ணாடி போடுகிறவள் என்பதால் அல்ல. அவள் கண் இன்றைக்கும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கும். அவள் மெருகேற்றிய கிட்டாரைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று யாரோ எப்போதோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சொன்னது பொய்யுமில்லை. கூடத்தின் பொறுப்பாளர், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவர், ஒரு கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரின் முதுகில் முகம் பார்த்துத் தன் தாடியைச் சரிசெய்துகொண்டதை மெருகுக் கூடமே பார்த்திருக்கிறது.

இருபத்து மூன்று வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, கீறலை ஒழிப்பது. லாக்கர் என்கிற மெருகுப் பூச்சு பூசிக் காய்ந்த கிட்டார் அவள் மேசைக்கு வரும். முதலில் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள், கடைசியில் சுழலும் துணிச் சக்கரம். முடிந்ததும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு மயிரிழை தெரிந்தால் போதும், மறுபடி முதலிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபயர்களைச் சோதிக்கும் அறை. அங்கிருந்து நாள் முழுக்க ஓர் உறுமல் வந்துகொண்டே இருக்கும். அது அவள் காதில் விழுவது நின்று பல வருஷமாயிற்று. மின்சாரம் போய் உறுமல் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. கதவுப் பிடி, குழாய், தண்ணீர்ச் செம்பு, எல்லாம் பளபளக்கும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர், அவளும் நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவரும். "இந்த வீட்ல அவ தேய்க்காதது என் வழுக்கை ஒண்ணுதான். அதுவும் நான் தூங்கறப்ப என்ன நடக்குதோ, யார் கண்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வருகிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே மேசை விளிம்பை முந்தானையால் துடைப்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. அந்த வருஷம் புதிய வரிசை வருகிறது என்றார்கள். மூன்று எலெக்ட்ரிக், மின்சாரம் வேண்டாத இரண்டு அக்கூஸ்டிக், வால்வு வைத்த ஓர் ஆம்ப்ளிஃபயர். அதில் ஓர் அக்கூஸ்டிக் மட்டும் விசேஷம். புத்தம் புதிதாகச் செய்து, அதைக் கையாலேயே பழசாக்கி, புதுசைவிட ஒன்றரை மடங்கு விலைக்கு விற்கப் போகிறார்கள். இருபத்தைந்தே கிட்டார். வாங்க ஆள் இப்போதே வரிசையில் நிற்கிறதாம். உலகத்தில் பணம் படைத்தவர்களுக்கு என்னென்ன கவலையோ, நமக்கெங்கே தெரியும்.

கணவரிடம் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. "அப்ப என் பஸ்ஸுக்கு என்ன தருவாங்கன்னு கேட்டு வெய்யி. அதுல கீறல் இல்லாத இடமே கிடையாது. எல்லாம் அசல்."

பழசாக்கும் வேலைக்குத் தாடி தேர்ந்தெடுத்தது அவளைத்தான்.

"கீறலைப் பத்தி உங்களைவிட யாருக்குக்கா தெரியும்? திருடனைப் பிடிக்கத் திருடன்தானே வேணும்."

"நான் போலீஸ்ப்பா, திருடன் இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, மறுக்கவில்லை. கூடத்தின் மூலையில் அவளுக்குத் தனி மேசை போட்டார்கள். அந்த மூலைக்கு மற்றவர்கள் முதியோர் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் ஒரு சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் ஒரு கிட்டாரின் முன்னால் அரை மணி நேரம் நின்றாள். கை இறங்கவே மாட்டேனென்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பத்துக் கீறல், எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. ஒழுங்கு அவள் கையைவிட்டுப் போகாது.

தாடி வந்து பார்த்தார். "அக்கா, இது பழைய கிட்டார் இல்ல. பூனை பிறாண்டின கிட்டார்."

அன்றிலிருந்து அவள் தேய்ந்த பொருளையெல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். கணவரின் பேருந்தில் ஏறி, ஓட்டும் சக்கரத்தில் எந்த இடம் வழவழப்பாகியிருக்கிறது என்று பார்த்தாள். தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, கவுண்ட்டர் பலகையில் நூறாயிரம் முழங்கை ஊன்றிய பள்ளத்தைத் தடவினாள். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி இருமினார். பொருளைத் தேய்ப்பது காலம் இல்லை, ஆள் என்று அவளுக்குப் புரிந்தது. அலமாரியில் கிடந்தால் நூறு வருஷமானாலும் தூசிதான் படியும். கை பட்டால்தான் தேயும். கை எங்கே படும், எப்படிப் படும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாலு மாதத்தில் அவள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். இனி மாதிரிக்கு ஓர் அசல் பழைய கிட்டார் வேண்டும் என்று கம்பெனி தேடியது. ஐம்பது வருஷத்துக்கு முன் இதே தொழிற்சாலையில் செய்த ஒன்று ஒரு வாத்தியக்காரரிடம் இருந்தது. எழுபதைத் தாண்டியவர். ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வாசித்து வாழ்நாளை ஓட்டியவர். மூன்று மாதம் இரவல் கொடுக்கச் சம்மதித்தார். அதை அச்சு அசலாகப் பார்த்து இருபத்தைந்தையும் பழசாக்க வேண்டும். நன்றிக்கடனாக, புதிய கம்பி மாட்டி, சுத்தம் செய்து, அறிமுக விழா அன்று அவர் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

கிட்டார் வந்து பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியக்கா அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு குறி சொல்கிறவள் மாதிரி ஆரம்பித்தாள். "வலது கைக்காரர். முழுக்கைச் சட்டை போட மாட்டார். கட்டை விரல் குட்டை. உக்காந்துதான் வாசிப்பார், கால்மேல கால் போட்டு. நடுவுல கொஞ்ச வருஷம் பெரிய கொக்கி வெச்ச பெல்ட் போட்டிருக்கார், அப்புறம் விட்டுட்டார்."

தாடி அங்கேயே வாத்தியக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். அத்தனையும் சரி. கூடம் கைதட்டியது. அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று, அதை மறைப்பானேன்.

சுத்தம் செய்வதற்குத் தாடி சொன்ன விதி ஒன்றே ஒன்று. "அழுக்கை எடுங்க. தேய்மானத்தைத் தொடாதீங்க."

எடுத்த எடுப்பில் துணியைப் போடுகிறவளா அவள்? கிட்டாரின் முகத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து, ஒவ்வொரு தடத்தையும் அப்படியே வரைந்துகொண்டாள். தேய்மானத்துக்குச் சிவப்பு, அழுக்குக்கு நீலம். வலது முன்கை உரசி மரம் வெளியே தெரிந்த இடம் சிவப்பு. கட்டை விரல் பட்ட இடம் சிவப்பு. ஓட்டலில் யாரோ குவளை வைத்த வட்டம் நீலம். ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். தொடைமேல் வைக்கும் பக்கம், கீழ் வளைவின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு திட்டு. அங்கே கை வர வழியே இல்லை. தொடை பட்டால் பக்கவாட்டில்தான் படும், முகத்தில் படாது. ஆள் படாத இடத்தில் தேய்மானம் எப்படி வரும்? மலிவான ஸ்டாண்டில் நிறுத்தினால் அதன் ரப்பர் லாக்கரில் இப்படித்தான் மங்கல் ஏற்றும், எத்தனை பார்த்திருக்கிறாள். நீலப் பேனாவால் வளைத்தாள்.

மெருகுப் பசையைத் தொட்டு மூன்று தடவை துடைத்தாள். திட்டு போயிற்று. அந்த இடம் ஐம்பது வருஷத்துக்கு முன் இருந்த மாதிரி மின்னியது. ஒரு நிமிஷ வேலை.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, விழாவில் கொடுக்கும் சிறு புத்தகத்தை அச்சுக்கு முன் ஒரு தரம் பார்த்துக் கொடுங்கள் என்று வடிவமைக்கும் பெண் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். மேடை, விளக்கு, கிட்டாரோடு ஓர் இளைஞர். கண்ணாடியக்கா ஆளைப் பார்ப்பதற்கு முன் கிட்டாரைப் பார்த்தாள். அது அவள் பழக்கம்.

"படத்தைத் திருப்பிப் போட்டுட்டீங்கம்மா. கிட்டார் அந்தப் பக்கம் பாக்குது."

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு. பின்னாடி பலகையில எழுத்து நேராத்தானே இருக்கு? இவர் நம்ம வாத்தியக்காரரோட அண்ணன். இடது கைக்காரராம். வீட்ல இருந்தது ஒரே கிட்டாராம், தம்பியோடதையே தலைகீழாப் பிடிச்சு வாசிப்பாராம். தடிச்ச கம்பி கீழ, மெல்லிசு மேல! முப்பது வருஷம் அப்படியே வாசிச்சிருக்கார். போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சாம், பாவம்."

கண்ணாடியக்கா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். தலைகீழாகத் திருப்பியதால் தம்பியின் தொடைப் பக்கம் அண்ணனுக்கு மேல் பக்கமாகியிருந்தது. கீழ் வளைவின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அந்த மனிதரின் இடது முன்கை படிந்து கிடந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இது சறுக்கல்கூட இல்லை. ஒன்றும் தெரியாதவள் கையில் கொடுத்திருந்தால் எதற்கு வம்பு என்று அந்தத் திட்டை விட்டுவைத்திருப்பாள். தெரிந்ததால் அழித்தாள். அந்த கிட்டாரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவரைத் துணியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

தாடியிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தாடியையே உருவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்ப அதோட இருக்கட்டும். படம் வரைஞ்சு வெச்சிருக்கீங்கல்ல? அதே அளவுல, அதே இடத்துல திரும்பப் போட்டுடுங்க. உங்களால முடியாததா? இருபத்தஞ்சு கிட்டாரும் பெட்டியில போயாச்சுக்கா. அச்சு அசல்னு எழுதி வித்திருக்கோம். அசலையே நாம கெடுத்தோம்னு விழா அன்னிக்கு வெளிய வந்தா நான் இருக்க மாட்டேன், நீங்களும் இந்த மேசையில இருக்க மாட்டீங்க."

மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அவளுக்கும் அது தெரியும்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"சொல்லிடலாம்னு இருக்கேங்க" என்றாள்.

"சொன்னா அவருக்கு என்ன கிடைக்கும்? அண்ணன் போனது ஒரு தடவை. நீ சொன்னா ரெண்டாந்தடவை. பாரம் இறங்கறது உனக்கு, ஏறறது அவருக்கு. யோசிச்சுப் பாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, அது நியாயமான கோபமில்லை என்பதும் தெரிந்தது. எழுந்துபோய், ஏற்கெனவே பளபளத்த செம்பைத் தேய்த்தாள்.

மறுநாள் ஒரு கழிவுப் பலகையில் செய்து பார்த்தாள். மெல்லிய எஃகு நாரை உள்ளங்கையில் வைத்து, அழுத்தாமல், வட்டமாக. பிறகு வெறும் துணி. பிறகு உப்புத் தண்ணீர் தொட்ட துணி, வியர்வைக்குப் பதிலாக. நாற்பது நிமிஷத்தில் திட்டு வந்துவிட்டது. நீலக்கோடு போட்ட தாளை மேலே வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் பிசகவில்லை. முப்பது வருஷத்தை நாற்பது நிமிஷத்தில் போட்டுவிட்டாள். தன் திறமையைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

விழா அன்று காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். வாத்தியக்காரர் பத்து மணிக்கு வருவார். கண்காட்சி அறையில் புதிய எலெக்ட்ரிக் கிட்டார்கள் சுவர் நிறையத் தொங்கின, கீழே புதிய ஆம்ப்ளிஃபயர்கள், எல்லாவற்றிலும் அவள் முகம் தெரிந்தது. பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு வந்து கம்பளத்துணியின் மேல் கிடத்தினாள். எஃகு நாரை எடுத்தாள். போடத்தான் போகிறாள். கணவர் சொன்னது சரி. அந்த மனிதர் சந்தோஷமாக வந்து சந்தோஷமாகப் போகட்டும்.

வளைவைச் சரியாகப் பார்க்க வேண்டுமே என்று கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்து, அண்ணன் பிடித்த மாதிரி பிடித்து, தன் இடது முன்கையை அந்த இடத்தில் வைத்தாள். யார் வீட்டிலோ கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள். இருபத்தைந்து கிட்டாரில் அவள் போட்டதெல்லாம் யாருடைய கையும் இல்லை, வாங்குகிறவருக்கும் அது தெரியும். இது அப்படியில்லை. இதில் போட்டால், இந்த மனிதர் மிச்ச ஆயுள் முழுக்க அவள் கையைத் தொட்டுத் தொட்டு அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாரைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

வாத்தியக்காரர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்தார். மெலிந்த ஆள், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, விழாவுக்காக. தாடி அவரை ஆம்ப்ளிஃபயர்கள் நடுவே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லி அவளுக்குக் கண் காட்டினார். முடிந்ததா என்றும் அதே கண்ணால் கேட்டார். அவள் கிட்டாரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டார். வாசிக்கவில்லை. வலது உள்ளங்கை நேராகக் கீழ் வளைவின் ஓரத்துக்குப் போயிற்று. கண் எங்கேயோ இருந்தது, கைதான் போயிற்று. போன கை நின்றது. மறுபடி தடவியது.

"அக்கா ரொம்ப நல்லா சுத்தம் பண்ணியிருக்காங்க சார்" என்றார் தாடி, அவசர அவசரமாக.

"ஐயா" என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அந்த இடத்துல ஒரு திட்டு இருந்துது. ஸ்டாண்டு பட்ட கறைன்னு நெனச்சு நான் துடைச்சிட்டேன். உங்க அண்ணன் கைன்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சு அஞ்சாறு நாளாச்சு. திரும்பப் போட்டிருக்கலாம், எனக்குப் போடத் தெரியும். பலகையில போட்டும் பாத்தேன். உங்களால கண்டுபிடிக்க முடியாது. ஆனா அது என் கையாத்தான் இருக்கும்ங்க. அதான் போடல."

தாடி கண்ணை மூடிக்கொண்டார். தன் மேசை போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியேதான் ஆயிற்று, அடுத்த வாரம் அவள் பழையபடி மெருகுச் சக்கரத்தின் முன்னால் நின்றாள்.

வாத்தியக்காரர் கிட்டாரை வெளிச்சத்துக்குச் சாய்த்து அந்த இடத்தைப் பார்த்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்திருக்கும். ஏதாவது திட்டமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அவன் போனப்புறம் அந்த எடத்துல நான் துணி போட்டுத் துடைச்சதே இல்ல" என்றார். "இருபது வருஷம்."

அவளால் தாங்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கய்யா."

மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு கிட்டாரை மெதுவாகச் சுற்றித் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டார். இடது முன்கையை அந்த இடத்தில் வைத்து, விரலால் ஒரு கம்பியை இழுத்தார். தப்பான கம்பி. இன்னொன்றை இழுத்தார். அதுவும் தப்பு.

"எப்படித்தான் வாசிச்சானோ, பாவி" என்றார். தலை நிமிராமலே கேட்டார். "இப்படிக் கை வெச்சு வாசிச்சா, அது மாதிரி விழறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "தினம் ரெண்டு மணி நேரம்னா... பன்னெண்டு, பதிமூணு வருஷம் ஆகும்ங்க."

"எனக்கு எழுபத்தொண்ணு."

"வெறுங்கைன்னா இன்னும் சீக்கிரம் விழும்ங்க. வேர்வை படணும்."

அவர் இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார்.